தைமசுச் சுரப்பியும் நிணநீர்க்குழியங்களும்: ஒன்றையொன்று ஆக்கும் உறவு

மனித உடலின் அங்கங்களுள் நெடுங்காலம் பயனற்றதெனக் கருதப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இன்றியமையாததென நிறுவப்பட்டது தைமசுச் சுரப்பியாகும். நெஞ்சென்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே, இரு சோணைகளாக அமைந்துள்ள இச்சுரப்பி குழந்தைப் பருவத்தில் உடலளவோடு ஒப்பிடுமிடத்துப் பெரிதாக இருக்கின்றது. பின்னர் படிப்படியாகச் சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பிழையமாகிவிடுகின்றது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதியின் முதன்மைக் குழியங்களுள் ஒரு வகையான ரி குழியங்கள் முதிர்ச்சியடையும் இடம் இதுவே. தைமசு என்னும் சொல்லின் உரோமன் முதலெழுத்தே அக்குழியங்களின் பெயரில் நிற்கின்றது.

இச்சுரப்பிக்கும் அதனுள் வளரும் குழியங்களுக்கும் உள்ள தொடர்பினைப் பாடநூல்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கும் மாணவருக்கும் உள்ள தொடர்பாகவே விளக்குகின்றன. சுரப்பி கற்பிக்கின்றது, குழியம் கற்கின்றது. தேறியவை குருதியிற் சேர்கின்றன, தவறியவை அழிகின்றன. இவ்விளக்கம் பிழையானதன்று, ஆயினும் உண்மையின் ஒரு பாதியையே அது கூறுகின்றது. கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தறியொன்றை எண்ணிப் பார்க்கலாம். பாவும் ஊடும் வந்து சேருமுன்னரே தறி முழுமையாக நிற்கின்றது. எந்த நூலை ஓட்டினாலும் தறியின் சட்டம் மாறுவதில்லை. தைமசு அத்தகைய தறியன்று. அதனுள் ஓடும் நூலே அதன் சட்டத்தின் பெரும்பகுதியைக் கட்டி எழுப்புகின்றது. நூல் வராதவிடத்துத் தறியும் குறையாகவே நின்றுவிடுகின்றது. இந்த இருவழி உறவு எவ்வாறு அறியப்பட்டது என்பதையும், குழந்தைகளின் நலனைப் பொறுத்தவரை அது எதனை உணர்த்துகின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. கலைச்சொற்கள் பெரும்பாலும் இலங்கைப் பாடநூல் வழக்கைத் தழுவியவை.

1. பயனறியப்பட்ட வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தைமசுச் சுரப்பியினை அகற்றிய வளர்ந்த விலங்குகளில் குறிப்பிடத்தக்க தீங்கெதுவும் காணப்படவில்லை. அச்சுரப்பியினுள் பெருந்தொகையான நிணநீர்க்குழியங்கள் இறப்பதைக் கண்ட ஆய்வாளர் பலர் அதனை அக்குழியங்களின் இடுகாடாகவே கருதினர்.

இக்கருத்தினை மாற்றியவர் ஜாக் மில்லர் ஆவார். இலண்டனில் செஸ்ரர் பீற்றி ஆய்வு நிலையத்தில் சுண்டெலிகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், பிறந்தவுடனேயே சுண்டெலிக் குட்டிகளின் தைமசை அகற்றினார். அக்குட்டிகள் சில வாரங்களின் பின்னர் மெலிந்து, தொற்றுநோய்களுக்கு இலக்காகி இறந்தன. அவற்றின் குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைந்திருந்தன. வேற்று இனச் சுண்டெலியின் தோலை ஒட்டியபோது அவ்வுடல்கள் அதனை நிராகரிக்காது ஏற்றுக்கொண்டன. 1961 இல் வெளியான இம்முடிவு தைமசே நிர்ப்பீடனத்தின் பிறப்பிடங்களுள் ஒன்று என்பதை நிறுவியது. வளர்ந்த விலங்கில் தீங்கு தோன்றாமைக்கான காரணமும் இதனால் விளங்கிற்று: நீண்டகாலம் வாழவல்ல குழியங்கள் அதற்கு முன்னரே சுரப்பியை விட்டு வெளியேறி உடலெங்கும் பரவிவிட்டிருந்தன.

1965 இல் மக்ஸ் கூப்பர் கோழிகளில் நடத்திய ஆய்வுகளும், 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் மெல்பேணில் மில்லரும் கிரகம் மிற்செலும் நடத்திய ஆய்வுகளும் நிணநீர்க்குழியங்கள் இரு வகையின என்பதைத் தெளிவாக்கின. பிறபொருளெதிரிகளை ஆக்குபவை பி குழியங்கள். அவற்றுக்கு உதவுவதோடு, வைரசு புகுந்த கலங்களை நேரே கொல்லவும் வல்லவை ரி குழியங்கள். இக்கண்டுபிடிப்புக்காக மில்லரும் கூப்பரும் 2019 இல் லாஸ்கர் பரிசினைப் பெற்றனர்.

2. சுரப்பி குழியங்களை ஆக்குதல்

ரி குழியங்களின் முன்னோடிகள் தைமசிற் பிறப்பவையல்ல. அவை என்பு மச்சையிலிருந்து குருதி வழியாக வந்து சேருகின்றன. வரும்போது அவை இன்ன குழியமாக மாற வேண்டும் என்பது முடிவாகியிருப்பதில்லை. தைமசின் மேலணிக் கலங்களில் உள்ள ஒரு சைகைப் புரதம் முன்னோடிக் குழியத்தின் 'நொச்' என்னும் வாங்கியைத் தூண்டும்போதே அது ரி குழியமாகும் வழியிற் செல்கின்றது. அத்தூண்டல் தடுக்கப்பட்ட சுண்டெலிகளில் தைமசினுள்ளே பி குழியங்கள் தோன்றுவது 1999 இல் காட்டப்பட்டது.

தைமசின் ஒவ்வொரு சிறுசோணையும் இரு பகுதிகளை உடையது. வெளிப்புறம் மேற்பட்டை எனவும் உட்புறம் மையவிழையம் எனவும் கூறப்படும். மேற்பட்டையில் ஒவ்வொரு குழியமும் தன் பரம்பரையலகுகளின் துண்டுகளை எழுந்தமானமாக ஒட்டி, தனக்கேயுரிய ஒரு வாங்கியை அமைத்துக்கொள்கின்றது. எழுந்தமானமாக அமைவதால் அவ்வாங்கிகள் பலவகைப்படும். இனிமேல் தோன்றவிருக்கும் கிருமியைக்கூட அடையாளங்காண வல்ல வாங்கி அவற்றுள் இருக்கக்கூடும். தன் உடலையே தாக்கும் வாங்கியும் இருக்கக்கூடும். எனவே இரு சோதனைகள் வேண்டியுள்ளன.

முதலாவது சோதனை மேற்பட்டையில் நிகழ்கின்றது. அங்குள்ள மேலணிக் கலங்கள் உடலின் சொந்தப் புரதத் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. அவற்றுடன் சிறிதளவேனும் பொருந்தும் வாங்கியுடைய குழியம் வாழும். எதனோடும் பொருந்தாதது இறக்கும். இரண்டாவது சோதனை மையவிழையத்தில் நிகழ்கின்றது. இங்கு உடலின் சொந்தப் பொருளுடன் மிக இறுக்கமாகப் பிணையும் குழியம் அழிக்கப்படுகின்றது. அல்லது ஏனைய குழியங்களைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காக்கும் குழியமாக மாற்றப்படுகின்றது. இவ்விரு சோதனைகளையும் தாண்டி வெளியேறுபவை மிகச் சில. நூற்றுக்கு 95 க்கும் மேற்பட்ட குழியங்கள் சுரப்பியினுள்ளேயே இறந்துவிடுகின்றன. முன்னையோர் இடுகாடெனக் கண்டது இந்த இறப்பையே.

கணையத்தில் மாத்திரம் சுரக்கும் இன்சுலினைத் தைமசில் வளரும் குழியம் எவ்வாறு 'தன்னுடையது' என அறியும் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1997 இல் 'ஏயர்' எனப் பெயரிடப்பட்ட ஒரு பரம்பரையலகு இனங்காணப்பட்டது. அதிற் பழுதுற்றோரில் நிர்ப்பீடனம் தன்னுடலின் பல சுரப்பிகளை ஒருங்கே தாக்கும் பரம்பரை நோய் தோன்றுகின்றது. இப்பரம்பரையலகின் தொழிற்பாட்டினால் மையவிழையத்து மேலணிக் கலங்கள் இன்சுலின் உட்பட உடலின் வெவ்வேறு இழையங்களுக்குரிய புரதங்களைச் சிறிதளவில் தாமே ஆக்கிக் காட்டுகின்றன என்பது 2002 இல் நிறுவப்பட்டது. உடல் முழுவதன் சுருக்கப் பட்டியல் ஒன்று அந்தச் சின்னஞ்சிறு இழையத்தினுள் வைக்கப்பட்டிருக்கின்றது எனலாம்.

3. குழியங்கள் சுரப்பியை ஆக்குதல்

இதுவரை கூறியது பள்ளிக்கூடத்தின் கதை. மறுபாதி, பிறவியிலேயே நிர்ப்பீடனக் குறைபாடுற்ற சுண்டெலிகளின் வாயிலாக வெளிப்பட்டது. 1983 இல் அறிவிக்கப்பட்ட ஒரு வகைச் சுண்டெலியில் குழியங்கள் வாங்கியை அமைக்கும் படியைத் தாண்ட இயலாது நின்றுவிடுகின்றன. குறை இருப்பது குழியங்களில் மட்டுமே; மேலணிக் கலங்களின் தொழிலுக்குரிய பரம்பரையலகுகளில் பழுதில்லை. ஆகவே வெறுமையான, எனினும் முழுமையான ஒரு தைமசையே அங்கு காண எதிர்பார்க்கலாம். ஆனால் காணப்பட்டது வேறு. மையவிழையம் உருப்பெறவில்லை, அதற்குரிய மேலணிக் கலங்கள் சில, ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. வாங்கியுடைய ரி குழியங்கள் அச்சுண்டெலிகளில் தோன்றுமாறு செய்யப்பட்டபோது மையவிழையம் ஒழுங்கடைந்தது. 1991 இல் வெளியான இம்முடிவு, வாங்கியேந்திய குழியங்களே மையவிழையத்தின் அமைப்பைத் தோற்றுவிக்கின்றன என்பதற்குத் தெளிவான சான்றாயிற்று. வில்லெம் வான் எவிக் முதலானோர் 1994 இல் இவ்வுறவினைக் குழியங்களுக்கும் மேலணிக்கும் இடையிலான உரையாடல் என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினர்.

இவ்வுரையாடலின் மொழியும் பின்னர் அறியப்பட்டது. முதலாம் சோதனையிற் தேறிய குழியம் தன் மேற்பரப்பில் சில சைகைப் புரதங்களை வெளிப்படுத்துகின்றது. மையவிழையத்து மேலணிக் கலங்களில் உள்ள 'ராங்க்' என்னும் வாங்கி, 'சீ.டி. 40' என்னும் வாங்கி, நிணநச்சுப் புரதங்களுக்குரிய வாங்கி ஆகியவை அச்சைகைகளை ஏற்கின்றன. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், 'ராங்க்' வழியாக வரும் சைகையின்றி 'ஏயர்' பரம்பரையலகைத் தொழிற்படுத்தும் முதிர்ந்த மேலணிக் கலங்கள் போதியளவு தோன்றுவதில்லை என்பதைக் காட்டின. கருநிலையில் இச்சைகையைத் தருபவை வேறு சில முன்னோடிக் குழியங்கள். பிறந்தபின் அப்பொறுப்பின் பெரும்பகுதியை முதலாம் சோதனையிற் தேறிய ரி குழியங்களே ஏற்கின்றன.

இத்தொடரை நிரல்படுத்தி நோக்குவோம். மேற்பட்டையின் மேலணிக் கலம் குழியத்தைத் தேர்ந்து வாழவிடுகின்றது. தேறிய குழியம் உள்நோக்கி நகர்ந்து மையவிழையத்தின் மேலணிக் கலத்தை முதிரச் செய்கின்றது. முதிர்ந்த மேலணிக் கலம் உடலின் புரதங்களைக் காட்டி, பின்வரும் குழியங்களுள் தீங்கானவற்றை அழிக்கின்றது. தம்மைச் சோதிக்கும் சோதகரை மாணவர்களே உருவாக்குகின்றனர் என்பது இதன் பொருள். குழியங்களின் வரவு குறைந்தால் சோதனையின் கடுமையும் குறையும். தன்னுடலைத் தாக்கும் குழியங்கள் தப்பிச் செல்லும் வாய்ப்பு அதிகரிக்கும்.

மனிதரிலும் இது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. வாங்கியை அமைக்கும் பரம்பரையலகில் முழுமையற்ற பழுதுடைய குழந்தைகள் சிலரில் ரி குழியங்கள் சிறுதொகையாகத் தோன்றுகின்றன. எனினும் அவை கிருமிகளை எதிர்ப்பதை விடுத்துத் தோலையும் குடலையும் தாக்குகின்றன. அத்தகைய குழந்தைகளின் தைமசில் 'ஏயர்' புரதம் மிகக் குறைந்திருப்பது 2005 இல் அறியப்பட்டது. நிர்ப்பீடனக் குறைபாடும் தன்னுடலைத் தாக்கும் நோயும் முரணானவை போலத் தோன்றினும், ஒரே உடலில் அவை இணைந்திருப்பதன் காரணம் இவ்வுரையாடல் முறிந்தமையே ஆகும்.

4. காலம் என்னும் காரணி

இருபுறத் தாக்கம் என்று பொதுப்படக் கூறிவிடுதல் விஞ்ஞான விளக்கமாகாது. எக்கட்டத்தில் எது எதனை நிர்ணயிக்கின்றது என்று காண வேண்டும். தைமசின் மேலணி கருநிலையில் மூன்றாம் தொண்டைப் பையிலிருந்து உருவாகின்றது. அதன் தொடக்க வளர்ச்சி ரி குழியங்களை எதிர்பார்த்திருப்பதில்லை. அக்கட்டத்தை ஆள்வது மேலணியின் சொந்தப் பரம்பரையலகாகும். 1966 இல் விவரிக்கப்பட்ட உரோமமற்ற சுண்டெலியில் தைமசும் இல்லை என்பது 1968 இல் அறியப்பட்டது; அதற்குக் காரணமான பரம்பரையலகு 1994 இல் இனங்காணப்பட்டது. இந்த அடித்தளம் இல்லாதவிடத்து எத்தனை முன்னோடிக் குழியங்கள் வந்தாலும் பயனில்லை. முதற்கட்டம் மேலணியின் தனிப்பொறுப்பு; உரையாடல் அடுத்த கட்டத்திலேயே தொடங்குகின்றது.

அவ்வடுத்த கட்டமும் எல்லையற்றதன்று. 1995 இல் கெயோக் ஹொலண்டர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு காட்டுகின்றது. ரி குழியங்களின் வளர்ச்சி மிக ஆரம்பப் படியிலேயே தடைப்பட்ட சுண்டெலிகளில் மேற்பட்டையும்கூட ஒழுங்காக அமையவில்லை. கருநிலையிலேயே நல்ல முன்னோடிக் குழியங்கள் கிடைத்தபோது சுரப்பி சீராக வளர்ந்தது. அதே குழியங்கள் வளர்ந்தபின் வழங்கப்பட்டபோது சுரப்பியின் ஒழுங்கு மீளவில்லை. அதுமட்டுமன்று, அக்குறைச் சுரப்பியினுள் முதிர்ந்த ரி குழியங்கள் விலங்கின் பெருங்குடலைத் தாக்கிக் கடும் அழற்சியை உண்டாக்கின. காலந்தவறி வந்த குழியத்தினால் சுரப்பியைக் கட்டியெழுப்ப முடியவில்லை. கட்டப்படாத சுரப்பியினால் குழியத்தைத் திருத்தவும் முடியவில்லை.

உயிரினமும் சூழலும் ஒன்றையொன்று ஆக்குகின்றன என்பதனை றிச்சட் லெவின்சும் றிச்சட் லெவொன்ரினும் 1985 இல் வெளியிட்ட 'இயங்கியல் உயிரியலாளன்' என்னும் பொருள்படும் நூலில் வலியுறுத்தினர். உயிரினத்தை முன்னரே அமைந்த அச்சில் வார்க்கப்படும் பொருளாகக் காண்பதை அவர்கள் மறுத்தனர். உடலினுள்ளேயே நிகழும் அத்தகைய உறவுக்குத் தைமசினை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆயின் தத்துவம் ஆய்வுக்குப் பதிலீடாகாது. எது முந்தியது, எது எப்போது பிந்தித் திருத்த இயலாததாகின்றது என்பவற்றைச் சோதனைகளே கூறின.

5. இரு வகைக் குழந்தைகள்

மேற்கூறியவை சுண்டெலிகளுக்கு மாத்திரம் உரியவையல்ல. பிறவியிலேயே ரி குழியங்களின்றிப் பிறக்கும் குழந்தைகள் இரு வகையினர் எனச் சுருக்கமாகக் கூறலாம். ஒரு வகையினருக்குத் தறியை அமைக்கும் ஆற்றல் உண்டு, நூல் இல்லை. மற்றொரு வகையினருக்கு நூல் உண்டு, தறி இல்லை.

முதல் வகையினர் கடும் ஒருங்கிணைந்த நிர்ப்பீடனக் குறைபாடு உடையோர். இவர்களின் தைமசு மிகச் சிறியதாய், மேற்பட்டைக்கும் மையவிழையத்துக்கும் வேறுபாடு தெரியாததாய் இருக்கும். நல்ல என்பு மச்சையின் முன்னோடிக் குழியங்களை வழங்கும்போது அச்சிறு சுரப்பி தொழிற்படத் தொடங்குகின்றது என்பதை 2000 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று. இங்கும் காலம் முதன்மை பெறுகின்றது. 2000 முதல் 2009 வரை வட அமெரிக்க மருத்துவ நிலையங்களிற் சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளைப் பற்றி 2014 இல் வெளியான ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்றீடு பெற்றோரில் நூற்றுக்கு 94 பேர் ஐந்தாண்டுகளின் பின்னரும் வாழ்ந்தனர். கிருமித்தொற்று ஏற்படுமுன் சிகிச்சை பெறுவதே இதன் முதற்காரணம். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 இலேயே என்பு மச்சை மாற்றீட்டைத் தொடங்கியது.

இரண்டாம் வகையினர் முழுமையான டி ஜோர்ஜ் நோயுடையோர். இவர்களின் என்பு மச்சை நல்லது, தைமசு இல்லை. இருதய அறுவைச் சிகிச்சை பெறும் வேறு குழந்தைகளில், இதயத்தை அணுகுவதற்காக அகற்றப்படும் தைமசு இழையத்தை மெல்லிய துண்டுகளாக்கி, ஆய்வுகூடத்தில் சில வாரங்கள் வளர்த்து, நோயுற்ற குழந்தையின் தொடைத் தசையினுள் வைக்கின்றனர். வளர்க்கும் காலத்தில் கொடையாளரின் நிணநீர்க்குழியங்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எஞ்சும் மேலணியினுள் பெறுநரின் முன்னோடிக் குழியங்கள் வந்து குடியேறும்போது மேற்பட்டையும் மையவிழையமும் மீண்டும் உருவாகின்றன. பல மாதங்களின் பின்னரே ரி குழியங்கள் குருதியில் தென்படும். லூயிஸ் மார்க்கேட் தலைமையிலான குழுவினர் 1999 இல் அறிவித்த இம்முறை, 2021 ஒக்ரோபரில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. தொடைத் தசையிலே ஒரு தைமசு மீண்டும் கட்டப்படுவதைவிட இருவழி உறவுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவை தொலைநாட்டுச் செய்திகளாகத் தோன்றலாம். ஆயின் நம் சமூகத்துக்கு இதில் நேரடித் தொடர்புண்டு. இக்குறைபாடுகளுட் பல, பழுதுற்ற பரம்பரையலகு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும்போதே வெளிப்படுகின்றன. நெருங்கிய உறவினரிடையே நிகழும் திருமணங்களில் இதற்கான வாய்ப்பு ஓரளவு கூடுகின்றது. மச்சான், மச்சாள் முறை மணம் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வழக்கிலுள்ளதாகையால் இதனை அறிந்திருத்தல் நன்று. இலங்கையில் காசநோய்க்கெதிரான பீ.சீ.ஜீ. தடுப்பூசி குழந்தை பிறந்தவுடனே, பெரும்பாலும் மருத்துவமனையை விட்டுச் செல்லுமுன் ஏற்றப்படுகின்றது. அது உயிருள்ள, வீரியங்குறைந்த கிருமியைக் கொண்டது. மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது காப்பளிக்கின்றது. ரி குழியங்களற்ற குழந்தைக்கோ அதுவே உடலெங்கும் பரவும் தொற்றாகக் கூடும். ஆகவே முன்னர் ஒரு குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே காரணம் விளங்காத தொற்றுக்களால் இறந்த குடும்பத்தினர், அடுத்த பிரசவத்தின்போது அச்செய்தியை ஊசி ஏற்றுமுன்னரே மருத்துவருக்கு அறிவித்தல் இன்றியமையாதது.

6. இயல்பான தைமசு எது?

தைமசின் வரலாற்றில் சமூகவியல் நோக்கில் மிகுந்த படிப்பினை தரும் ஓர் அத்தியாயம் உண்டு. ஐரோப்பாவில் உடற்கூற்றியல் கற்பதற்குக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் வறியோருடையவை. இங்கிலாந்தில் 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம் ஏழையர் விடுதிகளில் இறந்து உரிமைகோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்க வகைசெய்தது. பசியாலும் நெடுநோயாலும் நலிந்து இறந்தோரின் தைமசு சுருங்கியிருக்கும். அச்சுருங்கிய அளவே இயல்பான அளவாகக் கொள்ளப்பட்டது.

பின்னர், நலமாயிருந்து திடீரென இறந்த குழந்தைகளைப் பரிசோதித்த மருத்துவர்கள் அவர்களது தைமசு 'அளவுக்கு மீறிப் பெரிதாயிருப்பதை' கண்டனர். 1889 இல் வியன்னாவைச் சேர்ந்த ஆணல்ட் பல்ராவ் பெரிய தைமசினைத் திடீர் மரணத்துடன் தொடர்புபடுத்தி ஒரு நோய்நிலையையே வகுத்தார். 1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் தைமசை எக்ஸ் கதிர்களாற் சுருக்கும் சிகிச்சை தொடங்கிற்று. தொடர்ந்த பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அதற்கு உட்படுத்தப்பட்டனர். சுவீடனில் ஹம்மார் என்பவர் விபத்துக்களில் இறந்தோரின் தைமசுகளை அளந்து உண்மையான இயல்பளவு பெரியது என்று காட்டினார். 1931 இல் பிரித்தானியாவில் இதனை ஆராய்ந்த குழுவும் அத்தகைய நோய்நிலைக்கு ஆதாரமில்லை என முடிவு செய்தது. எனினும் சிகிச்சை உடனே நின்றுவிடவில்லை. 1950 இல், தைரொயிட்டுப் புற்றுநோயுற்ற சிறுவர் பலர் குழந்தைப் பருவத்தில் தைமசுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர் என்ற செய்தி வெளிவந்தது.

அளவுகோல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று வினவாமையே இத்தவற்றின் வேர். வறுமை குறுக்கிய உடலை இயற்கையின் அளவாகக் கொண்டு, நலமுள்ள உடலை நோயுற்றதாகக் கண்டனர். ஓர் அங்கத்தை அதன் சூழலிலிருந்து பிரித்துத் தனித்த பொருளாகப் பார்க்கும் நோக்கு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்றாகும்.

7. பசியும் தைமசும்

ஊட்டக்குறைவில் தைமசு சுருங்குவதை ஜோன் சைமன் 1845 இலேயே குறிப்பிட்டுள்ளார். அதன் பொறிமுறை இன்று ஓரளவு விளங்குகின்றது. பசியும் தொற்றும் உடலை நெருக்கும்போது அதிரீனற் சுரப்பியின் கோட்டிசோல் மிகுகின்றது. கொழுப்பிழையத்திலிருந்து வரும் லெப்ரின் என்னும் ஓமோன் குறைகின்றது. மேற்பட்டையில் செறிந்துள்ள முதிராக் குழியங்களே இவற்றால் முதலில் பெருந்தொகையாக இறக்கின்றன. குழியங்கள் குறையவே அவற்றின் சைகைகளால் நிலைபெறும் மேலணியும் தளர்கின்றது. மேலணி தளரவே புதிய குழியங்களின் வளர்ச்சியும் குன்றுகின்றது. ஆக்கத்திற் காணப்பட்ட இருவழித் தொடர்பே அழிவிலும் தொழிற்படுகின்றது.

மீட்சியிலும் அவ்வாறே. மேற்பட்டைக் குழியங்களின் இழப்பே ஓர் அறிவிப்பாகி, சுரப்பியிலுள்ள வேறு குழியங்களை மேலணிக்கு வளர்ச்சிச் சைகை அனுப்புமாறு தூண்டுகின்றது என்பது சுண்டெலிகளில் 2012 இல் அறியப்பட்டது. ஆயினும் மீட்சிக்குக் காலம் வேண்டும். பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளின் தைமசைக் கழியொலிப் படத்தால் அளந்த ஆய்வாளர், அக்குழந்தைகளின் எடை ஏறத்தாழ ஒரு மாதத்தில் தேறியபோதும் தைமசு தேற ஏறத்தாழ இரு மாதங்கள் வேண்டியிருந்ததைக் கண்டனர். உணவுடன் சிங்கு எனப்படும் நாகச் சத்தினையும் வழங்கியபோது அக்காலம் ஏறத்தாழ ஒரு மாதமாகக் குறைந்தது. எடை தேறியது கண்டு வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தை, நிர்ப்பீடனத்தைப் பொறுத்தவரை இன்னும் தேறாத குழந்தையாக இருக்கக்கூடும்.

மேற்காபிரிக்காவின் கினி-பிசாவுவில் பிறக்கும்போது தைமசு சிறியதாயிருந்த குழந்தைகளிடையே மரணம் மிகுந்திருந்தது. பிறப்பெடையைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு நீடித்தது என 2002 இல் அறிவிக்கப்பட்டது. கம்பியாவில், உணவு அருகும் மழைக்காலத்திற் பிறந்தோர் இளமையைத் தாண்டிய பின் இறக்கும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுந்திருந்ததை 1997 இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்நாட்டிலே அப்பருவத்திற் குழந்தைகளின் தைமசு சிறுத்திருப்பதும் பின்னர் அளந்தறியப்பட்டது. வங்காளதேசத்திலும் செனகலிலும் நடந்த ஆய்வுகளில் பிறந்த பருவத்துக்கும் பிற்கால மரணத்துக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே கம்பிய முடிவைப் பொதுவிதியாக்குதல் தகாது. ஆயினும் வாழ்வின் முதல் மாதங்கள் தைமசின் வளர்ச்சிக்கு முதன்மையானவை என்பதில் ஐயமில்லை.

இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றோர்; ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற எடையற்றோர். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷா சத்துமா 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது தடங்கல்களுக்கு உள்ளாயிற்று. குடும்பநல மருத்துவமாது மாதந்தோறும் எடை நிறுத்துப் பதிவேட்டிற் குறிக்கும் புள்ளி, குழந்தையின் தசையையும் கொழுப்பையும் காட்டும். நெஞ்சென்பின் பின்னே கட்டப்படும் அல்லது கட்டப்படாது போகும் சுரப்பியினை அது காட்டாது. சத்துமா வராத மூன்று மாதத்தை அடுத்த மூன்று மாதத்தில் ஈடுசெய்யலாம் என்பது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தலாம். காலத்தோடு பிணைந்த வளர்ச்சிக்கு அது பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

முடிவுரை

தைமசு நிணநீர்க்குழியங்களை ஆக்குகின்றது என்பது 1961 இல் தொடங்கிய அறிவு. நிணநீர்க்குழியங்கள் தைமசை ஆக்குகின்றன என்பது 1991 முதல் தெளிவுற்ற அறிவு. வளர்ந்தோரிலும் இவ்வங்கம் தொழிலற்றதன்று என்பதற்கு 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சான்று தருகின்றது. தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோரில் நூற்றுக்கு 8.1 பேர் ஐந்தாண்டுகளுள் இறந்தனர். அத்தகைய வேறு நெஞ்சறை அறுவைச் சிகிச்சை பெற்று, தைமசு அகற்றப்படாதோரில் அத்தொகை 2.8 ஆகும்.

இவ்வறிவு வளர்ந்த முறையை நோக்கின் ஒன்று புலனாகும். பயனற்றது, அளவுக்கு மீறியது, வெறும் கொள்கலம் என அடுத்தடுத்து இவ்வங்கத்துக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் யாவும், அதனை அதன் குழியங்களிலிருந்தும், உடலிலிருந்தும், அவ்வுடல் வாழும் சமூகத்திலிருந்தும் பிரித்து நோக்கியதன் விளைவுகளே. சுரப்பியும் குழியமும் தத்தம் காலத்தில் ஒன்றையொன்று கட்டுகின்றன. அந்தக் காலம் குழந்தையின் முதல் உணவுக் காலமும் ஆகும். கருவுற்ற தாயினதும் கைக்குழந்தையினதும் உணவை வரவுசெலவுத் திட்டத்திற் குறைக்கத்தக்க ஒரு செலவினமாகக் காண்போர், அந்த உணவினால் ஒரு தலைமுறையின் நிர்ப்பீடனமும் கட்டப்படுகின்றது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.